சுடுதண்ணி ஹீட்டருக்கு நீடித்த வொறன்ரி எடுக்கலாமா? யாழ்ப்பாண வீடுகளுக்கான கேள்வி பதில்

குளியலறைக்கு 15 அல்லது 30 லீற்றர் மின்ஹீட்டர் வாங்கப் போனால், "இன்னும் கொஞ்சம் கட்டினால் இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலையில்லை" என்று கடையில் ஒரு தாளை நீட்டுவார்கள். வீட்டுக் காப்புறுதிக்காரரும் அதையே வேறு விதமாகச் சொல்லுவார். கையெழுத்து வைக்க முன் கேட்கவேண்டியவை இவை.

கடையில் தருவது காப்புறுதிதானா?

பெரும்பாலும் இல்லை. மூன்று விதமான தாள்கள் உண்டு, மூன்றும் வேறு வேறு.

முதலாவது நீடித்த வொறன்ரி. தயாரிப்பாளரின் வொறன்ரி முடிந்த பிறகு, உள்ளே இருக்கும் பாகம் தன் குறையால் பழுதானால் மாற்றித் தருவோம் என்ற வாக்கு. யாருடைய வாக்கு என்பதைப் பாருங்கள். தயாரிப்பாளர், இறக்குமதி செய்தவர், விற்ற கடை என்று யாராகவும் இருக்கலாம். கடையின் வாக்கு என்றால், கடை மூடும் நாளில் அதுவும் முடிந்தது.

இரண்டாவது சேர்விஸ் ஒப்பந்தம். வருடத்துக்கு இத்தனை தடவை ஆள் வந்து பார்ப்பார். சிலவற்றில் கூலி மட்டும் அடங்கும், உதிரிப்பாகத்துக்குத் தனிக்காசு. சிலவற்றில் இரண்டும் அடங்கும். "இலவச சேர்விஸ்" என்ற சொல்லுக்குள் கொயில் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்), வோசர், அனோட் கம்பி (தாங்கி அரிபடாமல் காக்கும் மக்னீசியக் கம்பி) அடங்குமா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது வீட்டுக் காப்புறுதி. தீயும் மின்னலும் அதற்குள் வரும். வெள்ளம், புயல் போன்றவற்றைச் சேர்க்கலாம். ஹீட்டர் பாவித்துப் பாவித்துத் தேய்ந்து பழுதாவது பொதுவாக வராது. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான கொம்பனி மட்டுமே காப்புறுதி விற்கலாம். கடையின் முத்திரை மட்டும் குத்திய தாள் காப்புறுதி அல்ல.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எடுப்பதா, விடுவதா?

ஆட்கள் குடியிருக்கும் வீடு, ஒரே ஒரு சின்ன ஹீட்டர், கிணற்றுத் தண்ணீர். இதுதான் உங்கள் நிலைமை என்றால் எடுக்க வேண்டாம். அந்தக் காசை வருடத்துக்கு ஒருதடவை சுண்ணாம்பு எடுக்கவும் அனோட் மாற்றவும் செலவழியுங்கள். குடாநாட்டில் ஹீட்டரைக் கெடுப்பது தண்ணீர். இந்தத் தாள்கள் பெரும்பாலும் விலக்கி வைப்பதும் தண்ணீரால் வரும் பழுதைத்தான். வராத பழுதுக்குக் காசு கட்டி, வரும் பழுதைக் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தண்ணீர் ஹீட்டருக்கு அப்படி என்ன செய்கிறது?

குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் நிற்கிறது. மழை அந்தக் கல்லூடாக இறங்கும்போது கல்சியம் பைகாபனேற்றைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. சூடாக்கினால் அது கல்சியம் காபனேற்றாக மாறிப் படியும். கேத்தலின் அடியில் வெள்ளையாக ஒட்டுவது அதுதான். 60 பாகை செல்சியசைத் தாண்டினால் படிவு இன்னும் வேகமாகும்.

ஹீட்டரில் மிகச் சூடான இடம் கொயிலின் மேற்பரப்பு. ஆகவே முதலில் அங்கேதான் ஒட்டும். படை தடித்தால் கரண்ட் பில் எகிறும் என்று பலர் நினைக்கிறார்கள். கொயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வெப்பம் வேறெங்கும் போகாது, பில் அவ்வளவாக ஏறாது. கெடுதல் கொயிலுக்குத்தான். வெப்பம் வெளியேற முடியாமல் உலோக உறை அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கும். வெடிப்பால் தண்ணீர் உள்ளே போனதும் றிப் சுவிச் விழும். அதற்கு முன்பே ஹீட்டர் ஓர் அறிகுறி காட்டும். சூடாகும்போது உள்ளே "கடகட" என்று சத்தம் கேட்கும். அது படைக்கு அடியில் தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம்.

அடுத்தது உப்பு. தீவுப் பகுதிகளிலும் கரையோரத்திலும் கிணறுகள் உவராவது தெரிந்த விஷயம். கரையிலிருந்து தள்ளியுள்ள ஊர்களிலும் நன்னீர் உவர்நீரின் மேல்தான் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் நிற்பதன் காரணமும் இதுவே. கோடையில் மட்டம் இறங்க, மோட்டர் போட்டுக் கூட இறைக்க, உப்பு மேலே ஏறும். உப்புத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும், அதனால் அரிப்பு விரைவாகும். துருப்பிடிக்காத உருக்குத் தாங்கியில்கூட குளோரைட்டு ஊசித்துளை போட்டுவிடும். உவர்ப் பகுதியில் வாங்குவதானால் உள்ளே எனாமல் பூசிய, அனோட் கம்பியுள்ள தாங்கியையே தெரிவு செய்யுங்கள்.

கிணற்றைவிட்டு நீர்வழங்கல் சபையின் குழாய்க்கு மாறிய வீடுகளும் இப்போது உண்டு. 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வரும் வீட்டில் சுண்ணாம்புப் படை கிணற்று வீட்டைவிடக் குறைவாக இருக்கும். அங்கே ஒன்றரை வருடத்துக்கு ஒருதடவை திறந்து பார்த்தால் போதும்.

தாளில் எந்த வரியை முதலில் வாசிக்க வேண்டும்?

விலக்குகள் உள்ள பக்கத்தை. அது பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். தேடவேண்டியவை:

"வன்னீர்", "சுண்ணாம்புப் படிவு", "நீரின் தரம்", "அரிப்பு" என்ற சொற்களில் ஒன்று அங்கே இருந்தால், இங்கே வரும் பழுதுகளில் பெரும்பகுதி வெளியே போய்விட்டது. கல்சியத்தின் அளவுக்கோ குளோரைட்டின் அளவுக்கோ உச்சவரம்பு எழுதியிருந்தால் தண்ணீரைப் பரிசோதித்து ஒப்பிடுங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் மாதிரி கொடுத்துக் கேட்கலாம். மாதிரியைப் புரட்டாதியில் எடுங்கள். மாரி மழை பெய்து கிணறு நிரம்பிய பிறகு எடுத்தால் எண் நல்லதாகத் தெரியும், ஆனால் ஹீட்டர் வருடம் முழுக்க அந்தத் தண்ணீரைக் காணாது.

அனோட் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேட்கும் நிபந்தனை. தாங்கிக்கு ஐந்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். வருடாவருடம் அனோட் பார்த்ததற்குச் சான்று வேண்டும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். சான்று இல்லையென்றால் ஐந்து வருடமும் இல்லை.

தாங்கிக்கு ஒரு காலம், மின்பாகங்களுக்கு இன்னொரு காலம் என்று பிரித்திருப்பார்கள். நீடித்த வொறன்ரி எதை நீட்டுகிறது? பல தடவை, ஏற்கெனவே நீண்ட காலம் உள்ள தாங்கிக்கே திரும்பவும் காசு வாங்குகிறார்கள்.

கடைசியாக, ஆள் எங்கிருந்து வருவார்? யாழ்ப்பாணத்தில் சேர்விஸ் நிலையம் இல்லாமல் கொழும்பிலிருந்து பாகம் வரவேண்டும் என்றால், எத்தனை நாளுக்குள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது பிறகு யாருக்கும் ஞாபகம் இராது.

கணக்கு எப்படிப் போடுவது?

உதாரணத்துக்கு ஒரு விலை வைப்போம். உங்கள் கடை சொன்ன எண்ணைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டர் 45,000 ரூபா. இரண்டு வருட நீடித்த வொறன்ரி 9,000 ரூபா. கொயில், வோசர், கூலி எல்லாம் சேர்ந்து ஒரு திருத்தம் 8,000 ரூபா.

இரண்டு வருடத்தில் ஒருதடவை கொயில் போனாலே தாளுக்குக் கட்டியதும் திருத்தச் செலவும் கிட்டத்தட்டச் சமன். அதுவும் கொயில் சுண்ணாம்பால் போகவில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டால். கழற்றிய கொயிலில் வெள்ளைப் படை இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சம் இருப்பது தெர்மொஸ்ரற், வயர் முனை, சிவப்பு விளக்கு. இவை மலிவான பாகங்கள்.

எங்கள் அளவுகோல் இது: விலக்குகளில் தண்ணீர் இல்லாமலும், ஒரு வருடக் கட்டணம் ஹீட்டர் விலையின் இருபதில் ஒரு பங்குக்குள்ளும் இருந்தால் யோசிக்கலாம். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் காசை வங்கியில் போடுங்கள். பழுது வராவிட்டால் அது அடுத்த ஹீட்டரின் முற்பணம்.

லண்டனில் இருக்கும் தம்பி "பொயிலர் கவர் இல்லாமல் இருக்காதேங்கோ" என்கிறார். அவர் சொல்வது பிழையா?

அவருடைய ஊருக்குச் சரியாக இருக்கலாம். அங்கே பொயிலர் என்பது எரிவாயுவில் ஓடி, குளிக்கத் தண்ணீரையும் வீட்டுச் சூட்டையும் தருவது. தை மாதத்தில் அது நின்றால் வீட்டில் இருக்க முடியாது. எரிவாயு வேலையைச் சட்டப்படி பதிவுபெற்ற ஆள்தான் செய்யலாம், ஆகவே கூலி அதிகம். மாதாமாதம் கட்டி ஆளை உறுதிசெய்வதில் நியாயம் இருக்கிறது. அங்கேயும் பல கவர்கள் சுண்ணாம்பையும் குழாய்ச் சேற்றையும் விலக்கியே வைத்திருக்கின்றன.

இங்கே கிணற்றுத் தண்ணீரே 28 பாகையளவில் இருக்கிறது. ஹீட்டர் ஒரு கிழமை நின்றாலும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரை வாளியில் கலந்து குளிக்கலாம். அவசரம் இல்லாத இடத்தில் அவசரத்துக்கான விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் யார் எடுக்கலாம்?

விருந்தினர் விடுதி நடத்துபவர்கள். ஐந்தாறு ஹீட்டர் இருந்தால் எப்போதும் ஏதோ ஒன்று திருத்தம் கேட்கும். சுடுதண்ணீர் இல்லாத அறைக்கு வாடகை கேட்க முடியாது. அவர்களுக்கு நீடித்த வொறன்ரியைவிட சேர்விஸ் ஒப்பந்தம் பொருந்தும். 24 அல்லது 48 மணித்தியாலத்துக்குள் ஆள் வருவார் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டில், அம்மா அப்பா தனியே இங்கே என்றாலும் சேர்விஸ் ஒப்பந்தம் எடுக்கலாம். வயதான ஐயாவை மேசையில் ஏறி ஹீட்டர் கழற்ற விடக்கூடாது. ஆனால் தெருவில் இருக்கும் நம்பிக்கையான மின்வேலைக்காரரிடம் வருடத்தில் ஒரு மாதத்தைக் குறித்துக்கொடுத்து, வேலை முடிந்ததும் காசு அனுப்பினாலும் பலன் அதுவே.

வருடாந்தச் சேர்விஸில் என்ன செய்யவேண்டும்?

இதைக் கவனமாக வாசியுங்கள். யாரை வைத்துச் செய்வித்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். மின்வேலை பழகாதவர் தானே செய்யக்கூடாது.

குளியலறை சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது; போர்ட்டில் அந்த ஹீட்டரின் பிறேக்கரையும் இறக்குங்கள். மூடியைக் கழற்றியதும் வயர் முனைகளில் ரெஸ்ரர் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். உள்வரும் குழாயின் வால்வை மூடி, சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்து வைத்து, பாதுகாப்பு வால்வின் நெம்பைத் தூக்கித் தண்ணீரை வெளியே விடுங்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவே நிறுத்திவிடுவது நல்லது.

வயர்களைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். அடித்தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தினால் தட்டு கோணாமல் இறங்கும். கொயிலும் அனோட்டும் அதோடு சேர்ந்து வரும். கீழே வாளி வையுங்கள், மிச்சத் தண்ணீரோடு முட்டை ஓடு உடைந்தது மாதிரி வெள்ளைச் சில்லுகள் கொட்டும். தாங்கிக்குள் கைவிட்டு அவற்றையும் அள்ளி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அவை கொயிலைச் சுற்றித் திரும்பவும் குவியும்.

ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 50 தொடக்கம் 100 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து, கொயிலை மட்டும் அதில் இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிடுங்கள். வயர் முனைகள் நனையக்கூடாது. நுரைப்பது நின்றபின் பிளாஸ்ரிக் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். சுத்தியலால் தட்டவோ கத்தியால் சுரண்டவோ வேண்டாம், உறை கீறுப்படும். மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். அது உலோகத்தையும் தின்னும், எனாமலையும் கெடுக்கும்.

பூட்டும்போது வோசர் புதிது. பழையதைத் திருப்பிப் போட்டால் ஒழுகும், ஒழுக்கு வயர்மேல் விழும். எல்லாம் முடிந்ததும் முதலில் தண்ணீரைத் திறந்து, சுடுதண்ணீர்ப் பைப்பால் காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை காத்திருங்கள். அதன்பிறகுதான் கரண்ட். வெறும் தாங்கியில் சுவிச்சைப் போட்டால் கொயில் சில நிமிடங்களிலேயே எரிந்துவிடும், இந்தப் பழுதை எந்தத் தாளும் ஏற்காது.

தெர்மொஸ்ரற்றை 60 பாகையில் வையுங்கள். 15 லீற்றரை 28 இலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 0.56 அலகு மின்சாரம் போகும். 2 கிலோவாற்றுக் கொயிலுக்கு 17 நிமிட வேலை. நாள் முழுக்க ஓடவிடத் தேவையில்லை.

அனோட் கம்பியை எப்போது மாற்றுவது?

பாதியாக மெலிந்தால், அல்லது நடுவிலுள்ள இரும்புக் கம்பி எங்காவது தெரிந்தால். அது மக்னீசியம், தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதே அதன் வேலை. உவர்த் தண்ணீரில் வருடம் தாங்காமலும் போகலாம், அங்கே ஆறு மாதத்தில் ஒருதடவை பாருங்கள். நீளமும் மரையின் தடிப்பும் பொருந்த வேண்டும், ஆகவே பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். அனோட் முழுக்கக் கரைந்த தாங்கி ஒழுகத் தொடங்கினால் ஒட்டுப்போட முடியாது, புதுசுதான்.

பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது. பழுதா?

சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் பழுதில்லை. 15 லீற்றர் தண்ணீர் 60 பாகைக்கு ஏறும்போது ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் பெருகும். திரும்பிப் போக வழியில்லாததால் வால்வு அதை வெளியே விடுகிறது. வால்வின் வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், தாங்கி வெடிக்கும் ஆபத்து அதில்தான். இரவு பகல் ஓயாமல் சொட்டினால் உள்ளே சுண்ணாம்புத் துணிக்கை சிக்கியிருக்கும். நெம்பை இரண்டு மூன்று தடவை தூக்கிவிடுங்கள், நிற்காவிட்டால் மாற்றுங்கள். மாதம் ஒருதடவை நெம்பைத் தூக்கிவந்தால் இறுகாது.

இதே வால்வுதான் தண்ணீர் பின்னால் போகாமலும் தடுக்கிறது. துணிக்கை சிக்கி அது மூடாமல் நின்று, மேல்தாங்கியும் காலியானால், ஹீட்டர் தண்ணீர் கீழ்ப் பைப்பால் இறங்கிவிடும். கரண்ட் தடைப்பட்டு மோட்டர் ஓடாத நாளில் ஹீட்டர் சுவிச்சை நிறுத்திவையுங்கள்.

ஹீட்டரைப் போட்டதும் றிப் சுவிச் விழுகிறது. ஆளைக் கூப்பிட முன் என்ன தெரியவேண்டும்?

ஹீட்டரின் பிறேக்கரை இறக்கியதும் றிப் சுவிச் விழாமல் நின்றால், பழுது ஹீட்டரில் அல்லது அதன் வயரில். வருபவர் மல்ரிமீற்றரால் கொயிலை அளக்கட்டும். 230 வோல்ற்றில் 2 கிலோவாற்றுக் கொயில் 26 ஓம் அளவில், 1.5 கிலோவாற்று 35 ஓம் அளவில் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தாலும் போதாது, கொயிலுக்கும் உலோக உறைக்கும் இடையில் மெகர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ற்றில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகஓமுக்குக் கீழே என்றால் கொயில் முடிந்தது. அளக்காமல் "முழு ஹீட்டரும் போயிற்று" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். றிப் சுவிச்சை விட்டுவிட்டு வயரை நேரே இணைத்தால் வேலை செய்யும் என்பவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். குளியலறையில் உயிரைக் காப்பது அந்த 30 மில்லிஅம்பியர் றிப் சுவிச்தான்.

இடிமின்னலுக்கும் கரண்ட் கூடிக் குறைவதற்கும் காப்புறுதி உதவுமா?

மின்னலுக்கு உதவும், வீட்டுக் காப்புறுதியில் அது தீயோடு சேர்ந்தே வரும். மின்கம்பியால் வரும் உயரழுத்தம் வேறு விஷயம், தனியாகச் சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். அதற்கென்று ஹீட்டருக்காகப் பணம் கட்டவேண்டாம். குமிழ் திருகும் சாதாரண ஹீட்டர் குறைந்த அழுத்தத்தில் மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான்: 200 வோல்ற்றில் 2 கிலோவாற்று 1.5 ஆகக் குறையும். இலக்கத்திரை உள்ள ஹீட்டர், உடனடிச் சவர் ஹீட்டர், குளிர்சாதனப் பெட்டி, சோலர் இன்வேர்ட்டர் ஆகியவற்றின் மின்தட்டுகளே எரியும். அவை வீட்டில் இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து உயரழுத்தத்துக்கான வரியைக் காப்புறுதியில் சேர்க்கக் கேளுங்கள்.

உடனடிச் சவர் ஹீட்டருக்கு?

அதற்கு வொறன்ரியைவிடப் பூட்டும் இடம் முக்கியம். மேல்தாங்கியின் அடிக்கும் சவருக்கும் 3 மீற்றர் உயரம் இருந்தால் கிடைக்கும் நீரழுத்தம் 0.3 பார். அதற்கு மேல் கேட்கும் மொடல் தொடங்காது, "பழுது" என்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுப்பீர்கள். 5.5 கிலோவாற்று 24 அம்பியர் இழுக்கும். வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் மோட்டர் ஓடும்போது அதைப் போட முடியாது. 6 சதுர மில்லிமீற்றர் வயர் தனியாக இழுக்க வேண்டும்.

தர மறுத்தால் எங்கே போவது?

வொறன்ரி, சேர்விஸ் ஒப்பந்தம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் எழுத்தில் முறையிடலாம், தாமதிக்க வேண்டாம். காப்புறுதி என்றால் முதலில் கொம்பனிக்கு எழுத்தில். அவர்கள் பதில் திருப்தியில்லையென்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு.

ஏற்கெனவே காசு கட்டிவிட்டேன். இனி என்ன செய்வது?

கட்டியதை முழுக்கப் பாவியுங்கள். பற்றுச்சீட்டையும் ஹீட்டரில் ஒட்டிய இலக்கத் தகட்டையும் படம் எடுத்து வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். பற்றுச்சீட்டின் மை ஒரு வருடத்தில் மங்கிவிடும். வருடச் சேர்விஸை அவர்களின் ஆளைக்கொண்டே செய்வித்து, அனோட் பார்த்ததாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். வெளி ஆள் திறந்தால் தாள் செல்லாது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். காலம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, பழுது இல்லாவிட்டாலும் வரச்சொல்லித் திறந்து பார்ப்பியுங்கள். அடித்தட்டில் துருக்கோடு தெரிந்தால் அன்றே முறைப்பாட்டு இலக்கம் எடுத்துவிடுங்கள்.